பின்புற எஞ்சின் ரெப்ளிகா கார் சூடாகிறதா? எஞ்சின் அறையின் இடைவெளிகளைக் கண்டுபிடித்து அடைக்கும் வழி

போர்ஷே நிறுவனம் 1954இல் வெளியிட்ட 356 ஸ்பீட்ஸ்டரின் வடிவை ஃபைபரில் வார்த்து, கீழே ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தையும் எஞ்சினையும் வைத்துக் கட்டும் ரெப்ளிகா எனப்படும் நகல் கார்கள், அதாவது கிட் கார்கள், பல நாடுகளில் ஓடுகின்றன. செட்டிநாட்டில் பழைய கார் மீது பற்றுள்ள ஒருவர் கைக்கு அப்படி ஒன்று வந்து சேர்ந்தால், முதல் சித்திரையிலேயே கேள்வி எழுந்துவிடும்: ஆயில் ஏன் இப்படிக் கொதிக்கிறது? உடனே கூடுதல் ஆயில் கூலர் வாங்குகிறார்கள், அடுத்து பெரிய ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) தேடுகிறார்கள். இரண்டும் நல்ல பொருள்கள்தான். ஆனால் எஞ்சின் அறை ஒழுங்காக அடைபடாத காரில் அவற்றுக்குச் செலவிடும் பணம் வீண்.

பீட்டிலின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 2400 மி.மீ. 356க்கு அது 2100 மி.மீ. ஆகவே அடித்தளத்தை வெட்டி ஏறத்தாழ 300 மி.மீ. குறைத்து ஒட்டவைத்த பிறகே ஃபைபர் உடல் அதன் மேல் உட்காரும். அந்தப் பற்றவைப்பை எல்லோரும் கவனமாகப் பார்க்கிறார்கள். பின்னால், எஞ்சினைச் சுற்றி நடப்பதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பீட்டிலில் எஞ்சினைச் சூழ்ந்த தகரத் தட்டும் காரின் உடலும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்டவை. நடுவே ஒரு ரப்பர் பீடிங் சுற்றி ஓடி இரண்டையும் சேர்க்கும். ஃபைபர் உடலில் அந்தப் பொருத்தம் கிடையாது. ஒரு பக்கம் விரல் நுழையும், மறுபக்கம் கையே நுழையும்.

இது தண்ணீரால் குளிரும் எஞ்சின் அல்ல. மேலே உள்ள விசிறி எஞ்சின் அறையிலிருந்து காற்றை உறிஞ்சி, அதைச் சுற்றியுள்ள தகர உறையான ஃபேன் கூட்டுக்குள் தள்ளி, சிலிண்டர்களைச் சுற்றிச் சூட்டை வெளியேற்றும் உலோகச் செதில்கள் வழியே கீழே இறக்குகிறது. இறங்கும் காற்று சூட்டை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் வெளியேற வேண்டும். சைலன்சரும் அங்கேதான் தகிக்கிறது. மேலே குளிர்ந்த அறை, கீழே சூடான அறை; நடுவே தகரத் தட்டும் ரப்பரும்தான் தளம். நம் ஊர் வீடுகளில் மூன்றாம் கட்டில் எரியும் அடுப்பின் புகை முகப்புக்கு வந்துவிடாதபடி இடையில் சுவரும் வளவும் வைத்துக் கட்டினார்கள் அல்லவா, இங்கும் அதே ஏற்பாடுதான். சுவரில் ஓட்டை விழுந்தால் முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் எரியும். காரில் எரிவது எஞ்சின்.

கோளாறுகள் எத்தனை விதமாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பவை மூன்று. கீழே உள்ள சூடான காற்று மேலே ஏறுகிறது; அல்லது விசிறி தள்ளிய காற்று செதில்களுக்குப் போகாமல் வழியில் கசிகிறது; அல்லது வெளிக்காற்று போதிய அளவு உள்ளே வருவதில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றாவது நோய் இருக்கும் காரில் முதல் நோய்க்கான மருந்தை மட்டும் கொடுத்தால் நிலைமை சில சமயம் மோசமாகும். அதனால் ரப்பர் வாங்கக் கடைக்குப் போகும் முன் எந்த நோய் என்று தெரிந்தாக வேண்டும்.

தொடங்கும் முன்

ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். 15 மி.மீ. அளவுக்கு இறங்கினால் சரி. அதற்கு மேல் தொங்கினால் விசிறி வழுக்குகிறது. டைமிங்கும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) கார்புரேட்டர் கலவையும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். இந்த எஞ்சினில் மொத்தமே 2.5 லிட்டர்தான், அரை லிட்டர் குறைந்தாலும் சூடு காட்டும். இவை ஒழுங்காக இல்லாத காரில் காற்றைத் தேடுவதில் பயனில்லை.

ஓட்டும்போது சார்ஜிங் விளக்கு சிவப்பாக எரிந்தால் அதே இடத்தில் எஞ்சினை நிறுத்துங்கள். பெல்ட் அறுந்தால் டைனமோவோடு விசிறியும் நின்றுவிடும். வீடு பக்கம்தானே என்று ஓட்டிப் போகக் கூடாது.

காற்றின் பாதையைக் கண்டுபிடிக்கும் நான்கு சோதனைகள்

முதலாவது, இருட்டில் டார்ச். இரவில் எஞ்சின் அறைக்குள் விளக்கை வைத்து மூடியைச் சாத்திவிட்டு, காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஒளி கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் குறி இடுங்கள். காரை ஜாக்கில் மட்டும் தூக்கி நிறுத்தி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

இரண்டாவது சோதனைக்கு நம் மண்ணே உதவுகிறது. எஞ்சின் அறையை நன்றாகத் துடைத்து, தகரத் தட்டின் மேல்புறத்திலும் ஃபைபரின் உள்சுவரிலும் மெல்லிய படலமாகப் படியும்படி ஆயில் தடவிய துணியால் ஒரு முறை தேய்த்துவிடுங்கள். பிறகு கண்மாய்க் கரையை ஒட்டிய செம்மண் பாதை ஏதாவது ஒன்றில் மெதுவாக ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மூடியைத் திறந்தால், காற்று தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். ஒவ்வோர் இடைவெளியிலிருந்தும் சிவப்புத் தடம் ஒன்று கிளம்பும். இடைவெளியின் வாயில் குறுகி அடர்த்தியாகத் தொடங்கி, உள்ளே போகப் போக விரிந்து மங்கி, விசிறியின் பக்கம் வளைந்து முடியும். தடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகமாக அங்கே காற்று நுழைகிறது. பின்பக்கம், பெரிய புல்லிக்கு மேலே உள்ள தட்டின் இரு மூலைகளையும் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலான ரெப்ளிகாக்களில் மிக நீளமான தடம் அங்கேதான் இருக்கும். சைலன்சருக்கு நேர் மேலே இருக்கும் இடமும் அதுதான். டார்ச்சில் சிறு கீற்றாகத் தெரிந்த இடம் செம்மண்ணில் பெரிய தடமாக விழுவதும் உண்டு. ஓடும் காரில் காற்று நடப்பதைக் காட்டுவதால் நான் செம்மண் சொல்வதையே நம்புவேன். படம் எடுத்து வைத்துக்கொண்டு அறையைத் துடைத்துவிடுங்கள்.

மூன்றாவது, வெப்பமானி. நீண்ட வயரும் முனையில் உணரியும் கொண்ட சிறிய டிஜிட்டல் வெப்பமானிகள் மலிவாகவே கிடைக்கின்றன. ஒன்றின் முனையைக் காரின் முன்பக்கம் நிழலான இடத்திலும், இன்னொன்றின் முனையை விசிறி வாய்க்கு ஒரு சாண் தள்ளியும் கட்டுங்கள். வயர் விசிறிக்குள் போகாதபடி இரண்டு இடத்திலாவது இறுக்குங்கள். அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் இரண்டுக்கும் இடையே 10 டிகிரிக்குள் வித்தியாசம் இருந்தால் எனக்குத் திருப்தி. 20 டிகிரியைத் தாண்டினால் அடைப்பு வேலை கட்டாயம். வைகாசி வெயிலில் வெளியே 38 டிகிரி இருக்கும்போது விசிறிக்கு 58 டிகிரிக் காற்று கிடைத்தால், ஆயில் சூடும் ஏறத்தாழ அதே 20 டிகிரி கூடும். ஆயில் 80 முதல் 110 டிகிரிக்குள் இருப்பது ஆரோக்கியம். 120ஐத் தாண்டி நின்றால் வண்டியை ஓரம் கட்டுவதே நல்லது.

நான்காவது, தண்ணீர்க் குழாய். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை 'ப' வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதிவரை நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை எஞ்சின் அறைக்குள், மறுமுனை வெளியே. காரை நிறுத்தி வைத்து, நியூட்ரலில் எஞ்சினை 3000 சுற்றுக்கு ஏற்றச் சொல்லுங்கள். உள்ளே காற்றுப் பற்றாக்குறை இருந்தால் அறையின் பக்கமுள்ள தண்ணீர் மேலேறும். மூடியைத் திறந்ததும் சமமாகி, மூடியதும் மீண்டும் ஏறினால் சந்தேகமே வேண்டாம், உள்ளே வரும் வழி போதவில்லை.

சாம்பிராணியோ ஊதுபத்தியோ காட்டிப் புகை எங்கே போகிறது என்று பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் கங்கு எதற்கு? வேண்டவே வேண்டாம். நீண்ட கம்பி முனையில் ஒரு விரல் நீளத்துக்குப் பருத்தி நூலைக் கட்டி இடைவெளி அருகே காட்டினால் அதுவே ஆடிக் காட்டும்.

அறிகுறி: ஊர்ந்து போகும்போது சூடு ஏறுகிறது, வேகம் எடுத்தால் இறங்குகிறது

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும் நாட்களில் குன்றக்குடிச் சாலையில் நடையின் வேகத்தில்தான் கார் நகரும். தை மாதத்தில் வெயில் கடுமையும் இல்லை. அப்போதும் ஆயில் முள் ஏறிக்கொண்டே போய், கூட்டம் விலகி வேகம் எடுத்ததும் இறங்கினால், கீழே உள்ள சூடு மேலே சுற்றி வருகிறது என்று அர்த்தம். வேகமாகப் போகும்போது அடியில் உள்ள சூடான காற்றைச் சாலைக்காற்று இழுத்துப் போய்விடும். ஊரும்போது அது அங்கேயே தங்கி, விளிம்பு இடைவெளி வழியே ஏறி, விசிறியால் மீண்டும் உறிஞ்சப்பட்டு, இன்னும் சூடாகித் திரும்புகிறது.

இங்கே செய்ய வேண்டியது விளிம்பு அடைப்பு. அவசரப்படக் கூடாத வேலை இது.

இந்த எஞ்சின் கியர் பெட்டியோடு சேர்த்துத் தொங்குகிறது. இரண்டையும் தாங்குபவை கியர் பெட்டியின் ரப்பர் மவுண்டுகள். ஆகவே ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் எஞ்சினின் பின் முனை மேலும் கீழும் அசையும். தகரத் தட்டை ஃபைபர் உடலோடு திருகிப் பூட்டினால் ஒன்று தட்டு கிழியும், அல்லது ஃபைபர் விரியும். எனவே உடலிலிருந்து ஒரு விளிம்பு நீட்டப்பட வேண்டும், அது தட்டைத் தொடாமல் 10 முதல் 15 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும், மிச்சத்தை மெத்தென்ற ரப்பர் நிரப்ப வேண்டும். புல்லிப் பக்கம் அசைவு அதிகம் என்பதால் அங்கே இன்னும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். ஒருவரை எஞ்சினைப் பிடித்து ஆட்டச் சொல்லிவிட்டு நீங்கள் அளவுகோலோடு பாருங்கள்.

முதலில் அட்டையில் அச்சு வெட்டுங்கள். ஜவுளிக்கடைப் பெட்டி அட்டை போதும். ஒரே துண்டாக வெட்ட முயலாமல் இடம், வலம், பின் என்று மூன்று நான்கு துண்டுகளாகச் செய்யுங்கள். பிறகு அதே வடிவை 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் வெட்டி, ஒரு விளிம்பை மடித்து ஃபைபரில் பொருத்துங்கள். தகர வேலை தெரிந்த பட்டறைக்காரருக்கு இது அரை நாள் வேலை. ரிவிட் அடித்து நிரந்தரமாக்க வேண்டாம். சிறு போல்ட்டும் அகன்ற வாஷரும் போடுங்கள். எஞ்சினைக் கீழே இறக்கித்தான் வெளியே எடுக்க வேண்டும் என்பதால், விளிம்புத் தகடு கழற்ற வருவதாக இருந்தால் பின்னால் மெக்கானிக் உங்களை வாழ்த்துவார். இரும்பு போல்ட் அலுமினியத்தோடு நேரடியாக உரசும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு வரும். இடையில் ஒரு ரப்பர் வாஷர் கொடுங்கள்.

ரப்பரைப் பொருத்தும் விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. விசிறி உறிஞ்சுவதால் மேலறையில் அழுத்தம் சற்றுக் குறைவு, கீழே சற்று அதிகம். ரப்பர்ப் பட்டையை வெறுமனே தட்டின் மேல் படுக்கவைத்தால், கீழிருந்து வரும் அழுத்தம் அதை மெல்லத் தூக்கிவிடும். கார் நிற்கும்போது அழகாக மூடியிருக்கும் ரப்பர், எஞ்சின் ஓடும்போது வாய் திறக்கும். பீட்டிலின் அசல் ரப்பரில் தட்டின் விளிம்பு ஒரு பள்ளத்துக்குள் நுழைந்து உட்காரும். மேலிருந்தும் கீழிருந்தும் பிடி இருப்பதால் அது தூக்காது. உங்கள் இடைவெளிக்கு அந்த அசல் ரப்பர் பொருந்தினால் அதையே போடுங்கள். பொருந்தாவிட்டால், உள்ளே கம்பி வைத்த பிடியும் வெளியே உருண்டையான குழலும் கொண்ட பீடிங்கை விளிம்பில் செருகி, குழல் மூன்றில் ஒரு பங்கு நசுங்கும்படி தட்டின் மேல் அழுத்தி நிற்க வைக்க வேண்டும். சரியாக அழுத்துகிறதா என்று அறிய, குழலின் மேல் முகப்பவுடர் பூசி எஞ்சினை ஒருமுறை ஆட்டிவிட்டுப் பாருங்கள். தட்டில் தொடர்ச்சியான வெள்ளைக் கோடு விழ வேண்டும். விட்டு விட்டு விழுந்தால் அந்த இடங்களில் தகட்டை நகர்த்துங்கள்.

ரப்பர் வகை முக்கியம். ஈபிடிஎம் ரப்பர் சூட்டையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும். ஆயிலும் பெட்ரோலும் பட்டால் ஊதிப் போகும். பெட்ரோல் பம்ப், ஆயில் ஊற்றும் வாய் ஆகியவற்றுக்கு அருகே நைட்ரைல் ரப்பர் நல்லது. சைலன்சருக்கு நேர் மேலே சிலிக்கான் ரப்பர்தான் நிற்கும். கதவுக்குப் போடும் பிவிசி பீடிங் விலை குறைவு என்று வாங்காதீர்கள். ஒரே கோடையில் இளகித் தொங்கிவிடும். மெத்தைக்குப் போடும் ஸ்பாஞ்சும், டப்பாவில் அடைத்து வரும் பொங்கும் நுரையும் எஞ்சின் அறைக்கு உள்ளேயே வரக் கூடாது. தீப்பிடித்தால் அவைதாம் முதலில் எரியும்.

அறிகுறி: ஊருக்குள் நன்றாக இருக்கிறது, நெடுஞ்சாலையில் சூடாகிறது

காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாகப் புதுக்கோட்டை போகும் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டும்போது சூடு ஏறி, வேகம் குறைத்தால் இறங்குகிறதா? இது முந்தையதற்கு நேர் எதிர். விசிறி எஞ்சினைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில் சுற்றுவதால், சுற்று ஏற ஏற அதன் பசி பெருகுகிறது. மூடியில் உள்ள சிறிய கிரில் அந்தப் பசிக்குப் போதவில்லை. போதாக்குறைக்கு, ஓடும் காரின் சரிந்த பின்புறத்தில் அழுத்தம் குறைவாக இருக்கும். கிரில் இருப்பதும் அங்கேதான்.

அசல் ஸ்பீட்ஸ்டரின் ஒற்றைக் கிரில் அந்தக் கால 1500, 1600 சிசி எஞ்சின்களுக்குப் போதுமானதாக இருந்தது. 356பி வரிசையில் 1962 மாடல் ஆண்டுக்கு வந்த டி6 உடலில் போர்ஷே நிறுவனமே மூடியில் இரண்டு கிரில் வைத்தது. ரெப்ளிகாவில் 1776 அல்லது 1915 சிசிக்குப் பெருக்கிய எஞ்சினை வைத்துக்கொண்டு ஒற்றைக் கிரிலே அழகு என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர் வெயிலில் எஞ்சினைக் காப்பாற்றுவது அதைவிட முக்கியம் என்பதே என் முடிவு.

தண்ணீர்க் குழாய்ச் சோதனை இதை உறுதி செய்யும். அதோடு சாலையில் ஒரு சோதனை: மூடியின் மேல் கீல் பக்கம் வாஷர்கள் வைத்து 15 மி.மீ. உயர்த்தி அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். சூடு குறைந்தால் காற்றுப் பற்றாக்குறை நிச்சயம். அப்படியே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம், அல்லது இரண்டாவது கிரில் திறக்கலாம்.

மூடியின் கீழ் விளிம்பைத் தூக்கி வைத்து ஓட்டும் பழக்கத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பம்பருக்குப் பின்னால் சைலன்சரின் சூடும் புகையும் சுழலும் இடம் அது. நின்றுகொண்டிருக்கும் காரில் அங்கிருந்து உள்ளே வருவது சூடான காற்றே. சக்கர வளைவில் ஓட்டை போட்டுக் காற்றுக் கொண்டுவருவதும் அப்படித்தான். மழையில் சேறும் கோடையில் செம்மண்ணும் நேராகச் செதில்களில் போய் அப்பிக்கொள்ளும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் விளிம்பை அடையுங்கள், அதே வாரத்தில் காற்று வழியையும் அளந்து பாருங்கள். விளிம்பு இடைவெளி வழியே ஏறிய சூடான காற்றாவது விசிறிக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அதை அடைத்துவிட்டு மேலே வழி திறக்காவிட்டால் விசிறி வெறுமனே சுற்றும். அடைத்த பிறகு நெடுஞ்சாலையில் சூடு கூடினால் ரப்பரைப் பிடுங்காதீர்கள், மேலே திறங்கள்.

அறிகுறி: ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் கருகுகிறது

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்று பழுப்பாகவும் ஒன்று சுண்ணாம்பு வெளுப்பாகவும் இருந்தால், கார்புரேட்டரும் டைமிங்கும் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சரியாக இருந்தால், அந்த ஒரு சிலிண்டருக்குக் காற்று போகவில்லை. கசிவு ஃபேன் கூட்டுக்குள் இருக்கிறது.

இடது முன்புறத்தில் உள்ள மூன்றாம் சிலிண்டர் இதில் பேர்போனது. 1970 வரை வந்த எஞ்சின்களில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே அதன் மேல் நின்று, அதற்குப் போகும் காற்றை மறித்தது. 1971 மாடலில் கூலரை வெளியே தள்ளித் தனிக் கூடும் தனி வெளியேற்றமும் கொடுத்தார்கள். உங்களிடம் இருப்பது பழைய கூடு என்றால் புதியதற்கு மாறுவது நல்ல செலவு. புதியது என்றால் கூலரின் வெளியேற்றத் தகடு இருக்கிறதா, அதன் காற்று காருக்கு அடியில் போகிறதா, எஞ்சின் அறைக்குள்ளேயே திரும்பிவிடுகிறதா என்று பாருங்கள். கிட் காரில் அந்தச் சிறு தகடு காணாமல் போயிருப்பது சகஜம்.

பிறகு பிளக் வயர்கள் தகரத்தைத் துளைக்கும் இடத்தில் உள்ள வட்ட ரப்பர்கள். நான்கும் இருக்க வேண்டும், உட்காரவும் வேண்டும். ஹீட்டரைக் கழற்றிவிட்ட காரில் ஃபேன் கூட்டின் இருபுறமும் உள்ள குழாய் வாய்கள் திறந்தே கிடக்கும். இரண்டுக்கும் மூடி போடுங்கள். சிலிண்டர்களுக்கு அடியில் இரண்டிரண்டுக்கு நடுவே காற்றைத் திருப்பிவிடும் சிறு தகடுகள் உண்டு. எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தவர் அவற்றை உபரி என்று தூக்கிப் போட்டிருப்பார். அவை இல்லாவிட்டால் சிலிண்டரின் அடிப்பாதி குளிராது.

இன்னொன்று, செட்டிநாட்டில் மறக்கவே கூடாதது: அணிலும் எலியும் கட்டும் கூடு. மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் காரில் அணிலும் எலியும் ஃபேன் கூட்டைத் தம் வீடாக்கிக்கொள்ளும். தேங்காய் நாரும் பஞ்சும் காகிதமுமாகச் செதில்களுக்கு மேல் ஒரு மெத்தையே விரிந்திருக்கும். விசிறி வழியே கையை விட்டால் எட்டாது. ஃபேன் கூட்டைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். நீண்ட நாள் நிறுத்தும்போது விசிறி வாயில் கம்பி வலை ஒன்றைச் செருகி, ஸ்டியரிங்கில் ஒரு சீட்டுக் கட்டிவிடுங்கள், எடுக்க மறக்காதபடி.

அறிகுறி: காபிக்கு நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆவதில்லை

எஞ்சின் நின்றதும் விசிறியும் நிற்கிறது, சூடு மேலே எழுந்து கார்புரேட்டரைச் சுடுகிறது. கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஆவியாகிப் பொங்கி வழிகிறது. பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகாது, அரை மணியில் ஆகும். விளிம்பு அடைப்பு சரியாக இருந்தால் சைலன்சரின் சூடு பெருமளவு கீழேயே தங்கும் என்பதால், இந்தத் தொல்லையும் பாதி குறையும். நிறுத்தியதும் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடிப்பான கேஸ்கட் போடுவதும் உதவும்.

இதைச் சாக்காக வைத்துப் பெட்ரோல் குழாய்களைப் பாருங்கள். இப்போது பம்ப்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய துணி உறை ரப்பர்க் குழாய்களை அது மெல்ல மெல்ல இளக்கும். எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய், இரு முனைகளிலும் கிளிப், ஃபில்டர் எஞ்சின் அறைக்கு வெளியே. கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழல் சில சமயம் தளர்ந்து கழன்று வந்துவிடும். பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள். அடியில் பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரும் மேலே ஒழுகும் பெட்ரோலும் சேர்ந்தால் ஃபைபர் உடல் நிமிடங்களில் எரிந்து முடியும்.

அறிகுறி: இருக்கையில் புகை நாற்றம், தலைவலி

இந்த அறிகுறி தெரிந்தால் சோதனை முடியும்வரை காரை ஓட்ட வேண்டாம். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாற்றம் குறைந்துவிட்டது என்பதால் ஆபத்து குறைந்ததாகாது. மேலே திறந்த கார்தானே என்று நினைக்கவும் கூடாது. முன் கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால் பின்னாலிருந்து காற்று இருக்கையை நோக்கி இழுக்கப்படுகிறது.

இருக்கைக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள தடுப்பில் வயர், கேபிள், பெட்ரோல் குழாய் நுழையும் ஒவ்வொரு துளைக்கும் இறுக்கமான ரப்பர் வளையம் வேண்டும். பயனில்லாத துளைகளை அலுமினியத் துண்டு வைத்து, சூடு தாங்கும் சிலிக்கான் தடவி மூடுங்கள். ஒட்டுப்பலகையால் செய்த தடுப்பு என்றால் எஞ்சின் பக்கம் முழுக்க அலுமினியத் தகடு போர்த்துங்கள். ஹீட்டர் இணைப்பு இருந்தால் சைலன்சர்க் குழாயைச் சுற்றியுள்ள ஹீட்டர் பெட்டிகளில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நம் ஊரில் ஹீட்டரால் என்ன பயன்? கழற்றி, வழிகளை அடைத்துவிடுவதே என் யோசனை. சைலன்சர் கேஸ்கட்டில் கசிவு இருந்தால் மேலே எவ்வளவு அடைத்தாலும் போதாது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அறிகுறி: அடைத்த பிறகு உடல் முழுவதும் அதிர்கிறது

எங்கோ தகடும் தட்டும் முட்டுகின்றன. பவுடர்ச் சோதனையை மறுபடி செய்தால் ரப்பர் இல்லாமல் உலோகம் பட்ட இடம் பளபளப்பாகத் தெரியும். அங்கே ராவி விடுங்கள்.

அறிகுறி: பின்புற பெயிண்ட் கொப்பளிக்கிறது

சைலன்சரின் சூடு ஃபைபரை நேரடியாகத் தாக்குகிறது. சாதாரண பாலியஸ்டர் ரெசின் 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஃபைபரோடு ஒட்டாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு அலுமினியத் தகடு தொங்கவிடுங்கள். சூட்டைத் தடுப்பதில் தகட்டின் பங்கு பாதி, நடுவே ஓடும் காற்றின் பங்கு பாதி.

அறிகுறி: ஐப்பசி மழையில் எஞ்சின் தடுமாறுகிறது

கிரில் வழியே இறங்கும் தண்ணீர் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் விழுகிறது. மூடியின் உட்புறம், கிரிலுக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி விட்டுச் சரிவாக ஒரு தட்டு மாட்டி, அதன் தாழ்ந்த மூலையிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீரைக் காருக்கு வெளியே விடுங்கள். இடைவெளியைக் குறைத்தால் காற்று மறிக்கும், ஆகவே தட்டு மாட்டிய பின் தண்ணீர்க் குழாய்ச் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள். விளிம்பு நன்றாக அடைபட்ட காரில், தப்பி விழும் தண்ணீர் தகரத் தட்டிலேயே தேங்கும். தட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் 5 மி.மீ. துளை ஒன்று போதும். அதில் ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் சிறு ரப்பர் மூக்கைச் செருகினால் தண்ணீர் இறங்கும், சூடு ஏறாது.